பந்து சோறு போடுமா?

(மேட்டுப்பாளையத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியையும் பஞ்சப்படியையும் பேசவேண்டிய மேடையில் கால்பந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். சாயங்காலம் பவானிக் கரைப் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே பந்து உதைப்பவர்கள் மில் முதலாளியின் பிள்ளைகளா? இல்லை. காய்கறி மண்டியில் மூட்டை சுமப்பவரின் பிள்ளை, வாழைத் தோட்டத்தில் களை எடுப்பவளின் பிள்ளை, நூற்பாலையில் இரவு ஷிப்டு பார்ப்பவரின் பிள்ளை! ஆகவே இது நம் பிரச்சினை.

நம் நாட்டில் திறமை இல்லை என்கிறார்கள். இது பொய். 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில் நம் வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். பிரான்சிடம் 2-1 என்றுதான் தோற்றார்கள். நமக்கு அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். 1956-ல் மெல்போர்னில் நாலாவது இடம். 1960-ல் ரோமாபுரியில் பெரு நாட்டுக்கு எதிராகக் கோல் அடித்தவர் தஞ்சாவூர் சைமன் சுந்தரராஜ். அதற்குப் பிறகு நம் ஆண்கள் அணி ஒலிம்பிக் மைதானத்தில் கால் வைக்கவே இல்லை!

அன்று வளர்ந்தவர்கள் எப்படி வளர்ந்தார்கள்? நம் ஊரில் மலை ரயில் ஏறினால் வெலிங்டன் வருகிறதல்லவா? அங்குள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தின் அணி 1955-லும் 1958-லும் டூராண்ட் கோப்பையை வென்றது. அந்த அணியில் இருந்தவர் பீட்டர் தங்கராஜ். முன்கள ஆட்டக்காரராக வந்தவர், அங்கேதான் கோல்கீப்பர் ஆனார். 1962-ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கப்பதக்கம் வென்ற அணியிலும் அவர் இருந்தார். படையில் சேர்ந்தவனுக்கு மூன்று வேளை உணவு, மாதச் சம்பளம், மைதானம், பயிற்சிக்கு நேரம் எல்லாம் உண்டு. நம் மலையில் மந்திரம் ஏதும் இல்லை, தோழர்களே! இவ்வளவும் ஒரே இடத்தில் கிடைத்தன. அவ்வளவுதான்.

நம் பிள்ளைக்கு இதில் எது கிடைக்கிறது? தேர்வு என்றால் 35 கிலோமீட்டர் தாண்டிக் கோவைக்குப் போகவேண்டும். பஸ் காசு வேண்டும். கூடப் போகும் தகப்பனுக்கு ஒருநாள் கூலி போச்சு. பூட்ஸ் வாங்கப் பலநாள் கூலி வேண்டும். இத்தனையும் செய்து போனால், அரைமணி நேரம் ஓடவிட்டு, உயரமும் பருமனும் உள்ளவனை எடுத்துக்கொண்டு மற்றவனை அனுப்பிவிடுகிறார்கள்.

இதில் ஒரு சூது இருக்கிறது. பதின்மூன்று வயதுக்குள் என்று தேர்வு வைத்தால், ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன். அவன் வளர்ந்திருப்பான், ஜெயிப்பான். பல நாடுகளில் ஆராய்ந்து கண்ட உண்மை இது. அதோடு பாலும் முட்டையும் காணாத உடம்பு தாமதமாகத்தான் தேறும். ஒருநாள் தேர்வு திறமையை அளப்பதில்லை, தோழர்களே! பசியை அளக்கிறது.

வேறு வழி உண்டா? உண்டு. ஜெர்மனி 2000-ல் ஐரோப்பியக் கோப்பையில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல் வீடு திரும்பியது. பிறகு நாடு முழுவதும் 360-க்கு மேற்பட்ட வட்டாரப் பயிற்சி மையங்களை ஏற்படுத்தினார்கள். பிள்ளை வீட்டிலேயே இருக்கும். தன் பள்ளிக்குப் போகும். தன் ஊர் அணியில் ஆடும். வாரம் ஒருநாள் பக்கத்து மையத்தில் தேர்ந்த பயிற்சியாளரிடம் கற்கும். 2014-ல் அவர்கள் உலகக் கோப்பையை வென்றார்கள். அது முதலாளித்துவ நாடுதான். ஆனாலும் பணக்காரப் பிள்ளைகளை மட்டும் நம்பிப் பதினொரு பேரைத் தேற்ற முடியாது என்று அவர்களுக்கே புரிந்தது!

நம் கோவையிலும் வெற்றி வந்தது. 2019 மார்ச்சில் சென்னை சிட்டி அணி கோவை நேரு ஸ்டேடியத்தில் ஆடி ஐ-லீக் கோப்பையை வென்றது. ஜனங்கள் ஆர்ப்பரித்தார்கள். 2020-21 தொடருக்குப் பிறகு அந்த அணி லீகிலேயே இல்லை. தனியாரின் அணி வரும், போகும். ஊரில் மைதானமும் பயிற்சியாளரும் நிலைத்தால்தான் விளையாட்டு நிலைக்கும்.

பெண் பிள்ளைகளை மறக்கலாமா? 2018-லும் 2023-லும் பெண்கள் தேசியக் கோப்பையை வென்றது தமிழ்நாடு. ஆனால் இதே கொங்கு நாட்டில், மூன்று வருஷம் உழைத்தால் கல்யாணத்துக்குப் பணம் என்று 'சுமங்கலி' ஆசை காட்டி எத்தனை பெண்களை நூற்பாலை விடுதிகளுக்குள் அடைத்தார்கள்! ஆட்டக்காரி உருவாகும் வயதும் அதே வயதுதான்.

ஆகவே நாம் கேட்கிறோம்: ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு மைதானம் வேண்டும். மேட்டுப்பாளையம் வட்டாரத்துக்கு ஒரு பயிற்சி மையம் வேண்டும். நிரந்தரச் சம்பளத்தில் பயிற்சியாளர் வேண்டும். அவர்களில் பெண்களும் இருக்கவேண்டும். பயிற்சி முடிந்ததும் பாலும் முட்டையும், போகவர இலவசப் பயணமும் வேண்டும். தேர்வு ஒருநாள் கூத்தாக இல்லாமல் மாதக்கணக்கில் பார்த்து நடக்கவேண்டும்.

கடைசியாக நம் வீட்டுப் பேச்சு. "பந்து சோறு போடுமா?" என்று தகப்பன் கேட்கிறான். நியாயமான கேள்வி. நாம் பொய் சொல்லக்கூடாது. பெரும்பாலோருக்குப் போடாது. நூறு பேர் பயிற்சிக்கு வந்தால் மேலே போவது ஒருவரோ இருவரோ. அதனால்தான் பயிற்சியோடு பள்ளிப் படிப்பும் விடாமல் நடக்கவேண்டும் என்கிறோம். தேர்வாகாத பிள்ளை படிப்பையும் இழந்து தெருவில் நிற்குமானால் அந்தத் திட்டம் நமக்கு வேண்டாம். மற்ற தொண்ணூற்றெட்டுப் பேரும் திடமான உடம்போடு, சேர்ந்து நின்று ஆடும் பழக்கத்தோடு வளர்வார்கள். அது சின்ன லாபமா?

பிள்ளையைப் பதினாலு வயதில் வேலைக்கு அனுப்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் ஆட்டத்தைப் போய்ப் பாருங்கள். அவள் ஆட்டத்தையும் பாருங்கள். மைதானத்துக்கு மனு எழுதுவோம். எழுதியும் வராவிட்டால், கூலிக்கு எப்படிக் கூடி நின்றோமோ அப்படியே இதற்கும் கூடி நிற்போம்!