மூட்டை நம் முதுகில், ஆணை யார் பெயரில்?

(நூலகமும் ஒடுக்கப்பட்டோரும் குறித்த கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



நூலகத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டீங்க. கவிதை எழுதுறவன், புத்தகம் விடுதலை தரும்னு ஏதாவது சொல்லுவான்னு நினைச்சிருப்பீங்க. நான் அந்தப் புத்தகத்தை ஏற்றி இறக்குகிற வண்டியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

1917-ல் பரோடா அலுவலகத்தில் அம்பேத்கரின் கையில் கோப்பைக் கொடுக்க மறுத்து, ஏவலாளர்கள் தூர நின்று மேசைமீது வீசினார்கள். காகிதம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகலாம் என்பதை அங்கே சாதி நேரடியாகத் தீர்மானித்தது. இன்று அந்தத் தீர்மானம் டெண்டர் படிவத்தின் நிபந்தனைகளுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

நான் வேலை பார்க்கும் வங்கிக்கு ஒரு தம்பி வந்தார். சேரிக்காரர். கடனில் வாங்கிய ஒரு குட்டியானை வண்டிதான் சொத்து. கிளை நூலகங்களுக்குப் புத்தகக் கட்டுகளைக் கொண்டுசேர்க்க ஓர் அலுவலகம் ஒப்பந்தப்புள்ளி கேட்டிருந்தது. முன்வைப்புத் தொகைக்கு டி.டி. எடுக்க வந்தவர் படிவத்தை நீட்டினார்.

“அண்ணே, மூணு வருஷம் முன்அனுபவம் வேணும்னு போட்டிருக்கு. ஆறு வருஷமா அந்தக் கட்டையெல்லாம் கூலிக்கு நான்தாண்ணே ஏத்தி எறக்குறேன். அது அனுபவத்துல வராதா?”

வராது. ஆணை யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் அனுபவம். சுமந்தவனுக்குக் கூலி, அவ்வளவுதான். ஆண்டு வரவுசெலவுக்கு ஆடிட்டர் சான்று வேறு கேட்டிருந்தார்கள். என் கையாலேயே டி.டி. போட்டுக் கொடுத்தேன். கமிஷனும் பிடித்துக்கொண்டேன். தகுதிக் கவரிலேயே அவரைத் தள்ளிவிட்டார்கள். விலைக் கவரைப் பிரிக்கவே இல்லை. எவ்வளவு குறைத்துக் கேட்டிருந்தார் என்று பார்க்கக்கூட யாரும் தயாராயில்லை.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை என்பதுதான் விஷயம். 1998-லேயே தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்துவிட்டது. பெட்டி திறந்துதான் இருக்கிறது. பெட்டிக்குப் போகிற பாதையில்தான் வேலி.

மத்திய அரசின் 2012 கொள்முதல் ஆணையைப் பாருங்கள். மத்தியத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 4 சதவீதத்தைத் தலித், பழங்குடியினரின் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். குறு, சிறு நிறுவனங்களுக்கு முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கும் உண்டு. நல்லதுதான். ஆனால் நம்மவர்கள் பங்கேற்கத் தவறினாலோ, நிபந்தனையை நிறைவேற்றத் தவறினாலோ, அந்த 4 சதவீதத்தை மற்ற சிறு நிறுவனங்களைக் கொண்டு நிரப்பிக்கொள்ளலாம் என்கிறது அதே ஆணை. ‘தகுதியானவர் கிடைக்கவில்லை’ என்ற பழைய பாட்டுதான். வேலைவாய்ப்பிலாவது பின்னடைவுக் காலியிடம் என்று ஒன்று மிஞ்சும். இங்கே அதுவும் இல்லை. அதோடு, இந்த ஆணை மாநில அரசு நூலகத்தைக் கட்டுப்படுத்தாது.

மாநிலத்தால் முடியாதா? கர்நாடகம் 2016-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் 50 லட்சம் ரூபாய் வரையிலான அரசுக் கட்டுமானப் பணிகளில் தலித்துகளுக்கு 17.15 சதவீதமும் பழங்குடியினருக்கு 6.95 சதவீதமும் ஒதுக்கியது. கட்டடத்துக்கு முடிந்தது புத்தக வண்டிக்கு ஏன் முடியாது?

நூலகம் யாரோ போட்ட பிச்சை இல்லை. 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின்படி, வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகப் போகிறது. வரி கட்டுகிற சேரி வீட்டின் காசும் அதில் இருக்கிறது. வரியில் பங்கு உண்டு, சுமையில் பங்கு உண்டு, ஒப்பந்தத்தில் மட்டும் இல்லையா?

நாம் கேட்க வேண்டியவை மூன்று. மாவட்டம் முழுக்க ஒரே ஒப்பந்தமாகக் கட்டாமல் வட்டவாரியாகப் பிரி. ஒற்றை வண்டி வைத்திருப்பவனும் அதைச் செய்ய முடியும். உள்ஒப்பந்தத்தில் ஓட்டியவனுக்கு, ஓட்டிய நாளைக் கணக்கிட்டு அனுபவச் சான்று கொடு. ஒதுக்கீட்டைச் சட்டத்தில் எழுது.

அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாது. இப்போது டெண்டர் இணையத்தில் வருகிறது. மின்கையொப்பம் வாங்க வேண்டும், ஒவ்வொரு நிபந்தனையாகப் படிக்க வேண்டும், விளக்கம் கேட்டுக் கடைசித் தேதிக்குள் எழுத வேண்டும். அந்தத் தம்பி அடுத்த முறையும் போடத்தான் போகிறார். நான் டி.டி. மட்டும் போட்டுக் கொடுத்தேன். படிவத்தைக் கடைசிவரை கூட உட்கார்ந்து படிக்கவில்லை. அது என் தப்பு. இங்கே இருக்கிற மாணவர்களில் யார் அவரோடு உட்காரப்போகிறீர்கள்? கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.