மருந்து தந்த பூஞ்சை



ரொட்டியை நாலு நாள் மூடி வைத்தால் என்ன ஆகும்? பச்சையாகப் பூஞ்சை பிடிக்கும். உடனே தூக்கி எறிவோம். ஆனால் ஒரு பூஞ்சைதான் நமக்குப் பென்சிலின் மருந்தைத் தந்தது.

1928-ஆம் ஆண்டு லண்டனில் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் என்ற மருத்துவர் அதைக் கண்டார். கிருமி வளர்த்த தட்டில் பூஞ்சை விழுந்திருந்தது. அதைச் சுற்றி இருந்த கிருமிகள் அழிந்து போயிருந்தன.

அந்த மருந்தை நம் நாட்டிலேயே செய்ய அரசு 1954-இல் ஒரு தொழிற்சாலை தொடங்கியது. எங்கே தெரியுமா? சிஞ்ச்வட்டுக்குப் பக்கத்தில், பிம்ப்ரியில். அதன் பெயர் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ். 1955-இல் அங்கே பென்சிலின் உற்பத்தி ஆரம்பமானது.

ஆனால் 1945-இலேயே ஃப்ளெமிங் ஓர் எச்சரிக்கை செய்தார். மருந்தை அளவு குறைத்துச் சாப்பிட்டால் கிருமி சாகாது, மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் என்றார்.

அது எப்படி? மருந்துக்குத் தப்பிய கிருமிகள் பெருகுகின்றன. அவற்றின் உள்ளே, தப்பிக்கும் வழி எழுதிய சீட்டு மாதிரி ஒன்று இருக்கிறது. அதற்கு மரபணு என்று பெயர். ஒரு கிருமி அந்தச் சீட்டை இன்னொரு கிருமிக்கும் கொடுக்கும்.

சீட்டு கைமாற வசதியான இடம் சாக்கடை. நாம் சாப்பிடும் மருந்தில் ஒரு பகுதி சிறுநீரோடு வெளியேறுகிறது. ஆஸ்பத்திரிக் கழிவும் சாக்கடையில் சேருகிறது. மருந்தும் கிருமியும் அங்கே ஒன்றாகக் கலக்கின்றன.

2011-இல் டில்லி பற்றி ஓர் ஆய்வு வெளிவந்தது. தேங்கிய நீரில் 171 மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். 51 மாதிரிகளில் இப்படிப்பட்ட ஒரு மரபணு இருந்தது. குழாய்த் தண்ணீரில் 50 மாதிரி எடுத்தார்கள். அதிலும் 2-இல் இருந்தது!

இதற்கு என்ன வழி? மறுபடியும் பூஞ்சையிடமே போகிறார்கள் விஞ்ஞானிகள். இது வேறு வகைப் பூஞ்சை. மக்கும் மரத்தில் வளர்வது. நாம் சமைக்கும் சிப்பிக் காளானும் இந்த வகைதான். கெட்டியான மரத்தையே கரைக்கும் நொதியை இது சுரக்கிறது. அதே நொதி, தண்ணீரில் கலந்த பல மருந்துகளையும் உடைக்கிறது. மருந்து குறைந்தால், எதிர்க்கும் கிருமிக்குச் சாதகமும் குறைகிறது.

ஸ்பெயின் நாட்டில் கால்நடை ஆஸ்பத்திரிக் கழிவுநீரில் இதைச் சோதித்தார்கள். மருந்தும் குறைந்தது, அந்த மரபணுக்களில் பலவும் குறைந்தன. ஆனால் பூஞ்சைக்குத் தீனி போட வேண்டும். மற்ற கிருமிகள் அதை அமுக்கிவிடாமலும் காக்க வேண்டும். அதனால் பெரிய ஊரின் சாக்கடைக்கு இது எளிதல்ல.

சிஞ்ச்வட்டில் மோரயா கோசாவி கோயில் ஓரமாகப் பவனா ஆறு ஓடுகிறது. அந்தத் தண்ணீர் முளா ஆற்றில் சேர்ந்து, பீமாவில் கலந்து, கிருஷ்ணாவரை போகிறது. ஓர் ஊர் சாக்கடையில் விடுவது அடுத்த ஊருக்கும் போகும்.

பூஞ்சை வேலை செய்யட்டும். நம் வேலையும் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் இந்த மருந்துகளை வாங்காதீர்கள். காய்ச்சல் விட்டதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். மிச்ச மாத்திரையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். சாக்கடையிலும் கொட்டாதீர்கள்.

நாளை நம் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது மருந்து கேட்க வேண்டும் அல்லவா?