கட்டளையும் கேள்வியும்

(கல்முனையில் இளைப்பாறிய பொலிஸ் உத்தியோகத்தர்களும் புதிதாகப் பயிற்சி பெறும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

  

"இக்காலத்துப் பையன்களுக்குப் பணிவில்லை, கட்டளையிட்டால் காரணம் கேட்கிறார்கள்" என்று மூத்தோர் குறைப்படுகின்றனர். "காரணம் கேட்டால் ஏசுகிறார்கள், வெயிலிலே ஓடவிடுகிறார்கள்" என்று இளையோர் முறையிடுகின்றனர். இவ்வழக்கில் நீதி எப்பக்கம்?

நமது பொலிஸ் படை இன்றும் 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ் இயங்குகிறது. அந்நியன் ஆண்ட காலத்தில் ஆக்கிய சட்டம் அது. அவன் வளர்த்த மரபிலே கீழோனுக்குக் காது உண்டு, வாய் இல்லை. அதிலே பழகிய மூத்தோர், பழகியதையே கற்பிக்கின்றனர்.

அதற்காக, இளைஞர்களே, அவர்களை எள்ளி நகையாடாதீர்! 1990 ஜூன் 11ஆம் நாளை நினையுங்கள். கிழக்கிலங்கையின் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் சூழ்ந்தனர். போரிட வேண்டாம், சரணடையுங்கள் என மேலிடத்துக் கட்டளை வந்தது. பணிந்தனர். நம் அம்பாறைக் கரையோரத்துக் காடுகளிலே சிங்கள, முஸ்லிம் பொலிசார் நூற்றுக்கணக்கில் கொன்று குவிக்கப்பட்டனர். பணிவின் விலையை அந்தத் தலைமுறை தன் குருதியால் செலுத்தியது. அவர்களிடம் பாடம் கேளாமல் வேறு எவரிடம் கேட்பது?

மூத்தோர்களே, உங்களுக்கும் ஒரு சொல். 2019 ஏப்ரல் 21ஆம் நாள் குண்டுவெடிப்புக்கு முன்னரே எச்சரிக்கைகள் வந்தன, மேலிடம் செயற்படவில்லை. அன்றைய ஜனாதிபதியும் பொலிஸ்மா அதிபரும் மக்களின் அடிப்படை உரிமையை மீறினர் என 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் ஏப்ரல் 26 அன்று சாய்ந்தமருதிலே நடந்ததென்ன? அயலிலே வந்து தங்கிய புதியவர்கள்மீது ஐயுற்று ஊர்மக்களே தகவல் கொடுத்தனர். பயங்கரவாதிகளின் மறைவிடம் வெளிப்பட்டது. கட்டளை மேலிருந்து இறங்கும். உண்மையோ கீழிருந்தே ஏறும்!

சட்டமும் இதனையே சொல்கிறது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைத் தடைச் சட்டத்தின்படி, சித்திரவதை செய்தவன் "மேலதிகாரி சொன்னார், செய்தேன்" என்று தப்ப முடியாது. அவனுக்கு 7 முதல் 10 ஆண்டு வரை சிறை. அவ்வாறாயின், தவறான கட்டளையைக் கேள்வி கேட்பது ஒழுங்கீனமா? அன்று, அது கடமை!

ஆகவே அணிநடை வேண்டும், அவமதிப்பு வேண்டாம். ஆபத்து வேளையிலே நேர்மையான கட்டளைக்கு உடனே பணியுங்கள். காரணத்தைப் பின்னர் கேளுங்கள். கேட்டவனைத் தண்டியாமல் விடையளிக்கும் பழக்கம் பயிற்சிக் களத்திலேயே தொடங்கட்டும். இன்று தன் மேலதிகாரி முன் வாய் திறக்க அஞ்சுபவன், நாளை முறைப்பாட்டோடு வரும் ஏழையை வாய் திறக்க விடுவானா?

மூத்தோர் செவி கொடுக்கட்டும். இளையோர் தோள் கொடுக்கட்டும். மக்கள் அஞ்சும் பொலிஸ் போய், மக்கள் நம்பும் பொலிஸ் மலரட்டும்!