தட்டிப் பார்த்த பிறகு பூசுவோம்

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற ஆசிரியர் கலந்துரையாடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கற்றல் இடைவெளி பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு படகைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்கிறீர்கள். திண்டுக்கல்லில் மலைக்கோட்டை உண்டு, பூட்டு உண்டு, பிரியாணி உண்டு. படகுக்கு எங்கே போவது என்று நினைப்பீர்கள். ஆனால் நம் மாவட்டத்துக்கும் படகுக்கும் பழைய உறவு இருக்கிறது. 1863இல் கொடைக்கானல் ஏரியை உருவாக்கிய லெவிஞ்ச், முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்துதான் வரவழைத்தார். என் படகும் கடற்கரையிலிருந்து வந்ததுதான்.

என் முதல் பணியிடம் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கடலோரக் கிராமம். தொண்டிப் பக்கத்துக் கடலோர ஊர்களில் கோயில் திருவிழாவையொட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். அங்கே நான் குடியிருந்த வீட்டுக்காரர் மீனவர். அவரை மாமா என்றே அழைப்பேன். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கடற்கரையில் கட்டுமரங்கள் குறைந்து பைபர் படகுகள் பெருகின அல்லவா? அந்தக் காலத்தில் வந்த பன்னிரண்டு அடிப் பாய்மரப் படகு ஒன்று, அடியில் ஓட்டை விழுந்து அவர் வீட்டுக் கொல்லையில் கவிழ்ந்து கிடந்தது. "சும்மாதான கெடக்கு, எடுத்துட்டுப் போங்க வாத்தியாரே" என்றார். நான் மாறுதலில் ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் கழித்து, 2023இல்தான் அதை எடுத்துவர முடிந்தது. காய்கறி இறக்கிவிட்டு ஒட்டன்சத்திரத்துக்கு வெறுமனே திரும்பிய லாரியில் ஏற்றி வந்தேன். சரிசெய்து மிதக்கவிட்டால், பிள்ளைகளுக்கு ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தை நேரில் காட்டலாம் என்பது என் ஆசை.

முதல் தவறை முதல் வாரத்திலேயே செய்தேன். விரிசல்களில் புட்டி அடைத்து, உப்புத்தாள் தேய்த்து, நீல பெயின்ட் அடித்தேன். புதுப்படகு போலவே இருந்தது. புகைப்படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். இரண்டே வாரத்தில் வெயிலில் பெயின்ட் கொப்பளித்தது. உள்ளே ஈரம் இருந்திருக்கிறது.

ஊரில் வாகன பம்பர், தண்ணீர்த் தொட்டி ஒட்டும் பைபர் பட்டறைக்காரர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் பெயின்டைப் பார்க்கவே இல்லை. பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துப் படகு முழுக்கத் தட்டினார். நல்ல இடம் 'டண்' என்றது. உள்ளே பட்டைகள் விட்டுப்போன இடம் 'பொத்' என்றது. 'பொத்' என்ற இடங்களில் எல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். வெளியே ஒரு ஓட்டைதான், வட்டங்கள் பதினொன்று. "சார், ஒடஞ்சது தெரியும். ஊறுனது தெரியாது. தட்டிப் பார்த்துட்டுத்தான் கை வெக்கணும்" என்றார்.

நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, சித்திரை வெயிலில் நான்கு வாரம் காயவிட்டேன். பிறகு செதுக்கல். ஓட்டை என் கைப்பிடி அளவு. ஆனால் ஒட்டுப் போடும் இடம், பட்டையின் கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு சுற்றிலும் சரிவாகச் செதுக்கப்பட வேண்டும். ஆறு மில்லிமீட்டர் கனம் என்றால் சுற்றிலும் ஏழு சென்டிமீட்டர். கைப்பிடி அளவு ஓட்டை, சோற்றுத்தட்டு அளவு பள்ளமாயிற்று. என் மனைவி பார்த்துவிட்டு, "ரிப்பேர் பண்றீங்களா, ஒடைக்கிறீங்களா?" என்று கேட்டார்.

அடுத்தது ரெசின். அதோடு கேட்டலிஸ்ட் என்ற திரவம் சேர்ந்தால்தான் இறுகும். நூறு கிராமுக்கு ஒன்று முதல் இரண்டு கிராம். நான் அறிவியல் ஆசிரியர், அளவில் தவறுவேனா? மே மாத நண்பகலில், டப்பாவில் அச்சிட்டிருந்தபடி இரண்டு கிராம் கணக்கில் அரைக் கிலோ கலந்தேன். கண்ணாடி இழை விரிப்பை எடுத்து வைப்பதற்குள் கோப்பையிலேயே கொதித்து இறுகி, கோப்பை உருகிவிட்டது. பயந்துபோய் அடுத்த முறை மிகக் குறைத்தேன். இரண்டு நாளாகியும் பிசுபிசுவென்றே இருந்தது. அத்தனையையும் சுரண்டி எடுக்க நேர்ந்தது.

பட்டறைக்காரர் சொன்னார்: "டப்பாவுல போட்டிருக்கிற கணக்கு டப்பாவுக்கு சார். நம்ம ஊர் வெயிலைப் பார்த்துக் கலக்குங்க. கொஞ்சம் கொஞ்சமா கலக்குங்க. விடியக்காலையில வேலை பாருங்க." அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, நேரம், வெயில், எத்தனை கிராம், எந்தப் பட்டை, என்ன ஆயிற்று. அதற்குத் 'தவறுகள் நோட்டு' என்று பெயர்.

நண்பர்களே, அந்த நோட்டு வாங்கிய வாரத்தில்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். விடியற்காலையில் ரெசின் வாங்கக் கிளம்பியிருந்தேன். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலை வண்டிக்காக நிறுத்தத்தில் நின்றவள், "வணக்கம் சார்" என்றாள். 2014இல் என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவள். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியதும் படிப்பை நிறுத்திவிட்டாளாம். நலம் விசாரித்தேன். பேச்சோடு பேச்சாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சம்பளச் சீட்டுல பிடித்தம் போக எவ்வளவுன்னு பக்கத்து அக்காகிட்டதான் சார் கேப்பேன். எனக்குத்தான் கழித்தல் இன்னிக்கும் வராதே."

எனக்கு அவளுடைய நோட்டு நினைவுக்கு வந்தது. 52இலிருந்து 27 போனால் 35 என்று எழுதுவாள். நான் சிவப்பு மையில் அடித்து, 25 என்று எழுதி, "ஐந்து முறை எழுதி வா" என்பேன். எழுதி வருவாள். அழகான கையெழுத்து. நான் கையொப்பம் இடுவேன். அதுதான் என் நீல பெயின்ட்.

ஏன் 35 என்று ஒரு நாளும் தட்டிப் பார்க்கவில்லை. அவள் கவனக்குறைவாக எழுதவில்லை. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்தாள்: ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. தவறுக்குள் ஒரு விதி இருந்தது. இடமதிப்பு என்ற அடிப் பட்டை ஊறிப்போயிருந்தது. பத்துக் குச்சிகள் கொண்ட ஐந்து கட்டுகளையும் இரண்டு தனிக் குச்சிகளையும் அவள் கையில் கொடுத்து, "ஏழு குச்சி கொடு" என்று கேட்டிருந்தால், அவளே ஒரு கட்டைப் பிரித்திருப்பாள். இரண்டாம் வகுப்புப் பாடம்தான். ஆறாம் வகுப்பில் அவ்வளவு தூரம் பின்னோக்கிச் செதுக்க எனக்குப் பொறுமை இல்லை. பாடத்திட்டம் முடிக்க வேண்டியிருந்தது.

இப்போது 'எண்ணும் எழுத்தும்' வகுப்பறைகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்க்கிறோம். சிலருக்கு அது வெறும் பதிவேற்றம். எனக்கு அது நாணயத்தால் தட்டும் வேலை. அரும்பு என்று குறித்தால் சாக்பீஸ் வட்டம் போட்டாயிற்று என்று பொருள். செதுக்கலும் ஒட்டும் அதற்குப் பிறகுதான்.

படகு என்ன ஆயிற்று? 2023 நவம்பர் மழையில் எங்கள் ஊர்க் குளம் நிறைந்தது. கரை முழுக்கப் பிள்ளைகள். படகு மிதந்தது. பத்து நிமிடத்தில் பின்மூலையில் நீர் கசிந்தது. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், நோட்டுல அந்த மூலையைப் பாருங்க." பார்த்தோம். மூன்றாவது பட்டை, மாலை நேரம், 'களைப்பு. குமிழி சரியாக உருட்டவில்லை' என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். அந்த மூலையை மட்டும் செதுக்கி மறுபடி ஒட்டினோம். நோட்டு இல்லாவிட்டால் முழுப் படகையும் சந்தேகப்பட்டிருப்பேன். மறுநாள் அதே மாணவன் வகுப்பில் கை தூக்கி, "சார், இந்தக் கணக்குல நான் எங்க தப்புனேன்னு கண்டுபிடிச்சிட்டேன்" என்றான். ஓர் ஆசிரியர் ஊர் பார்க்கத் தவறியதில் இப்படியும் ஒரு பலன்.

புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். அந்தக் கடற்படை அதிகாரிகளும் வழியில் நான்கு துறைமுகங்களில் நின்று பழுது பார்த்துத்தான் போனார்கள். நின்று பார்ப்பதும் பயணத்தில் சேர்த்திதான்.

ஒரே ஒரு வேறுபாட்டைச் சொல்லி முடிக்கிறேன். படகு கொல்லையில் பல ஆண்டுகள் எனக்காகக் காத்துக் கிடந்தது. அந்தப் பெண் காத்திருக்க முடியவில்லை. அவளுடைய ஆறாம் வகுப்பு ஓராண்டில் முடிந்துவிட்டது. அதனால் பொறுமையை நாளைக்கு ஒத்திப்போட முடியாது. நாளை உங்கள் மேசைக்கு வரும் நோட்டுகளில் ஒரே ஒரு தவறான விடையை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பதற்கு முன் அந்தப் பிள்ளையை அருகில் அழைத்து, "இது எப்படி வந்தது, சொல்லு" என்று கேளுங்கள். 'டண்' என்கிறதா, 'பொத்' என்கிறதா என்று உங்களுக்கே கேட்கும்.