தற்காப்புக் கலையும் பயிற்சித் தோழமையும்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

நம் மஹல்லாவின் பிள்ளைகள் சிலம்பமும் கராத்தேயும் கற்க விரும்புகிறார்கள். மாலை வேளையில் மதரஸாத் திடலைத் தர முடியுமா என்று கேட்கிறார்கள். பெரியோர்களிடத்தில் இரண்டு தயக்கங்கள் உள்ளன. கையில் கம்பைக் கொடுத்தால் வம்புக்குப் போவார்களே என்பது ஒன்று. பள்ளிவாசல் பிள்ளைகள் கம்பு சுழற்றுவதைக் காண்போர் என்ன நினைப்பார்களோ என்பது மற்றொன்று. இரண்டும் பிள்ளைகள் மீதுள்ள அக்கறையால் எழுந்த தயக்கங்களே. ஆகவே அவற்றுக்குத் தக்க விடை கூற வேண்டியது கடமையாகிறது.

முதலில் தேவையை எண்ணிப் பார்ப்போம். நம் பேரிகை கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். காய்கறித் தோட்டமும் மலர்ப் பண்ணையும் ஒருபுறம். ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகள் மறுபுறம். நம் பிள்ளைகள் பலர் விடியுமுன் வேலைக்குப் புறப்படுகிறார்கள். இரண்டாம் ஷிப்டு முடிந்து நள்ளிரவில் திரும்புவோரும் உண்டு. இன்று அவர்களில் பெண் மக்களும் இருக்கிறார்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரை உள்ள இருட்டுப் பாதையை அவர்கள் தனியே கடக்க நேர்கிறது. வீட்டில் தாய் விழித்திருக்கிறாள். அந்தத் தாயின் கவலைக்கு இந்தச் சமுதாயம் என்ன பதில் வைத்திருக்கிறது?

வீர விளையாட்டு பள்ளிவாசலுக்குப் புதிதன்று. மதீனாவில் பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியதையும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பின்னே நின்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைக் கண்டு களித்ததையும் புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். அந்த விளையாட்டு நடந்த இடம் மஸ்ஜிதுந் நபவீ. தமிழ் மண்ணிலும் சிலம்பம் எல்லாச் சமுதாயத்தாரும் பயின்ற கலை. இலங்கையின் கிழக்குக் கரை முஸ்லிம்களிடையே சிலம்படியும் சீனடியும் வழிவழியாக வந்துள்ளன. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. தமிழக அரசுப் பணிகளுக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டிலும் அது சேர்க்கப்பட்டுள்ளது. ஆகவே நம் பிள்ளைகள் கேட்பது அரசும் நாடும் மதிக்கின்ற ஒரு கலையையே.

தற்காப்பு என்றதும் அடிப்பதுதான் பலருக்கு நினைவு வருகிறது. உண்மையில் அடி என்பது கடைசிப் படி. முதற் படி விழிப்பு. நடக்கும்போது இரு காதுகளையும் ஒலிபெருக்கிக் கருவியால் அடைத்துக் கொள்ளாதிருத்தல், வெளிச்சமுள்ள பாதையைத் தேர்தல், ஏறும் வண்டியின் எண்ணை வீட்டுக்குத் தெரிவித்தல், யாரேனும் பின்தொடர்வதாக ஐயம் எழுந்தால் திறந்திருக்கும் கடைக்குள் நுழைதல் ஆகியவை இதில் அடங்கும். இரண்டாம் படி விலகுதல். பணப்பையைக் கேட்டு மிரட்டினால் அதை வீசி எறிந்துவிட்டு எதிர்த் திசையில் ஓடலாம். ஓடுவது கோழைத்தனமன்று, உயிர் அல்லாஹ் தந்த அமானிதம். மூன்றாம் படி உரக்கக் குரல் எழுப்புதல். இவை பயனளிக்காதபோதுதான் கை எழ வேண்டும். அப்போதும் நோக்கம் தப்பிப்பதே. மணிக்கட்டைப் பிடித்தவனின் பிடி தளர்வானது அவனுடைய பெருவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடத்தில். அந்த இடைவெளியை நோக்கித் திருகி இழுத்தால் மெலிந்த பெண்ணும் விடுபட வழியுண்டு. ஆனால் இதைக் காதால் கேட்டால் போதாது. நூறு முறை செய்து பழகியிருக்க வேண்டும்.

112 என்னும் அவசர எண் தமிழகத்திலும் கர்நாடகத்திலும் ஒன்றே. எல்லையைக் கடந்து வேலைக்குச் செல்வோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் இடத்தில் பாலியல் தொல்லை குறித்த புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு அமைக்கப்பட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. இதை அறிந்திருப்பதும் தற்காப்பே.

சட்டம் தற்காப்பை ஏற்கிறது, எல்லையும் வகுக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இந்த உரிமையை விவரிக்கிறது. தன் உடலையும் பிறர் உடலையும் உடைமையையும் காக்கலாம். ஆனால் காப்பதற்குத் தேவையான அளவை மீறித் தீங்கு செய்யக் கூடாது. காவல்துறையின் உதவியை நாட அவகாசம் இருக்கும்போது இந்த உரிமையைக் காட்டிக் கை ஓங்கவும் கூடாது. தாக்கியவன் ஓடிய பின் துரத்திச் சென்று அடிப்பது தற்காப்பாகாது, அது பழிவாங்கல். இளைஞர்கள் இந்த வேறுபாட்டை நெஞ்சில் நிறுத்த வேண்டும்.

இனி, வம்புக்குப் போவார்களே என்னும் முதல் தயக்கத்திற்கு வருவோம். முறையாகப் பயின்றவன் ஏன் வம்புக்குப் போவதில்லை? அதற்கான விடை அவனுடைய பயிற்சித் தோழனிடத்தில் இருக்கிறது.

சிந்தித்துப் பாருங்கள். கம்பு சுழற்றத் தனியாகவும் கற்கலாம். ஆனால் வருகின்ற வீச்சைத் தடுக்க ஒருவன் கற்க வேண்டுமானால், அவன் மீது வீச இன்னொருவன் வேண்டும். பிடியிலிருந்து விடுபடக் கற்க வேண்டுமானால், பிடித்துக் கொள்ள ஒருவன் வேண்டும். அந்த இன்னொருவன் தன் தோளையும் கையையும் முதுகையும் நம்மிடம் ஒப்படைக்கிறான். அவனுடைய உடல் நம் கையில் அமானிதமாகிறது. நம் உடல் அவன் கையில் அமானிதமாகிறது. சிலம்பத் தொடுமுறைப் போட்டியில் கம்பு உடலைத் தொட்டதற்கே புள்ளி. எலும்பை முறித்ததற்கு அன்று. வேகமாக வரும் கம்பைத் தோழனின் தோளருகே தடுத்து நிறுத்தப் பழகியவனுக்குத்தான் கை வசப்பட்டது என்று பொருள்.

ஜப்பானில் ஜிகோரோ கானோ என்பார் 1882-இல் கோடோகான் பயிற்சிக் கூடத்தை நிறுவி ஜூடோவை உருவாக்கினார். தானும் பிறரும் சேர்ந்து நலம் பெறுதல் என்பதை அதன் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாக வைத்தார். ஜூடோவில் எறியக் கற்பதற்கு முன் விழக் கற்கிறார்கள். எறிபவன் தோழனின் சட்டைக் கையை விடாமல் பிடித்துக் கொள்கிறான். விழுபவனின் தலை தரையில் மோதாமல் அந்தப் பிடி தாங்குகிறது. வீழ்த்திய கையே தாங்கவும் செய்கிறது.

இந்த ஒழுக்கத்தை நம் மார்க்கம் முன்னரே போதித்துள்ளது. சண்டையிட நேர்ந்தால்கூட முகத்தில் அடிப்பதைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். அம்புகளோடு பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ நடப்பவர், பிறர் மீது பட்டுவிடாதபடி அவற்றின் முனைகளைப் பிடித்துக் கொள்ளுமாறு பணித்தார்கள். மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவனைவிடக் கோபம் வரும்போது தன்னை அடக்குபவனே வலிமை மிக்கவன் என்று உணர்த்தினார்கள். அந்த அடக்கத்தைக் கைகளுக்குக் கற்றுத் தரும் இடம் பயிற்சித் திடல். தோழனின் கம்பு தவறிப் பட்டு வலிக்கும்போது கோபம் பொங்குகிறது. அந்தக் கணத்தில் கம்பைத் தாழ்த்தி மூச்சு விட்டு மீண்டும் தொடங்குபவன், தெருவில் ஒருவன் ஏசும்போதும் அவ்வாறே நிற்பான்.

ஆகவே தோழனுக்கு நன்றி செலுத்துவது கடமை. மனிதருக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவனாகான் என்னும் கருத்தில் அமைந்த நபிமொழியை அபூதாவூதும் திர்மிதீயும் பதிவு செய்துள்ளனர். மேடையில் பரிசு பெறுபவனுக்குப் பின்னே, அவனுடைய நூறு வீச்சுகளைத் தன் கம்பில் ஏந்திய ஒருவன் இருக்கிறான். அவனுக்குக் கோப்பை கிடையாது. பயிற்சி முடிந்ததும் அவன் கையைப் பற்றி, இன்று உன்னால் ஒன்று கற்றேன் என்று சொல்லுங்கள். அவன் வரவில்லை என்றால் வீடு தேடிச் சென்று நலம் விசாரியுங்கள்.

நம் ஊரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒலிக்கின்றன. திடலில் எதிரே நிற்பவன் மாற்று மதத்துச் சகோதரனாகவும் இருக்கலாம். நம் பிள்ளையின் தலையைக் காத்துக் கம்பைத் தாழ்த்தும் அந்தக் கைக்கும் நாம் நன்றிக் கடன் பட்டவர்கள். இரண்டாம் தயக்கத்திற்கு விடையும் இதுவே. பயிற்சி திறந்த திடலில், பகல் வெளிச்சம் மறையுமுன், முறையாகச் சான்று பெற்ற ஆசான் முன்னிலையில் நடக்கட்டும். அண்டை வீட்டுப் பிள்ளைகளும் சேரட்டும். எல்லோர் கண்ணெதிரே எல்லோர் பிள்ளைகளும் சேர்ந்து பயிலும் இடத்தில் ஐயத்துக்கு இடமில்லை.

ஆசானுக்குத் தலை தாழ்த்தி வணங்கும் வழக்கம் குறித்தும் சிலர் கேட்கிறார்கள். ருகூவும் ஸுஜூதும் அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியவை. இதை ஆசானிடம் முதல் நாளிலேயே பணிவாக எடுத்துரைத்து, நிமிர்ந்து நின்று நெஞ்சில் கை வைத்து மரியாதை தெரிவிக்கலாம். மரியாதையைக் கைவிடுவதற்கு இதைக் காரணமாக்க வேண்டாம்.

பெண் மக்களைப் பற்றி ஒரு வார்த்தை. தெலங்கானா மாநிலம் நிஜாமாபாத்தைச் சேர்ந்த நிகத் ஜரீன் 2022-இல் இஸ்தான்புல்லிலும் 2023-இல் புது தில்லியிலும் குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வென்றார். தொடக்க நாட்களில் உடன் பயிலப் பெண்கள் இல்லாமையால் அவர் ஆண் பிள்ளைகளோடு பயின்றார். நம் பெண் பிள்ளைகளுக்கு அந்த நிலை வர வேண்டியதில்லை. ஒரு பெண் தனியே கற்க வந்தால் அவளுக்குத் தோழி கிடைக்காது. பத்துப் பேர் சேர்ந்து வந்தால் தோழியும் கிடைப்பாள், பெண் ஆசிரியையும் கிடைப்பார். அரசுப் பள்ளி மாணவியருக்குச் சமக்ர சிக்ஷா திட்டத்தின் கீழ்த் தற்காப்புப் பயிற்சி அளிக்கப்படுகிறது. பள்ளியில் கற்றதை மறவாமல் பழக மதரஸாவின் உட்கூடத்தை வாரம் இருநாள் ஒதுக்கித் தருவது நமக்குப் பாரமாகாது.

நிர்வாகத்தாருக்கு என் வேண்டுகோள் இவை. திடலைத் தாருங்கள். ஆசானைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய திறமையோடு நடத்தையையும் விசாரியுங்கள். பிள்ளைகள் பயிலும் நேரம் முழுவதும் பெற்றோரில் ஒருவராவது உடனிருக்க ஏற்பாடு செய்யுங்கள். முதலுதவிப் பெட்டி திடலில் இருக்கட்டும். கற்றதைத் தெருச் சண்டையில் பயன்படுத்தியவனைப் பயிற்சியிலிருந்து நிறுத்தி வையுங்கள். அவனைத் தடுத்து நிறுத்திய தோழனைப் பாராட்டுங்கள். அநீதி இழைக்கும் சகோதரனுக்கு உதவுவது அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியுள்ளார்களே!

பேரிகை என்றால் முரசு. முரசு போருக்கும் ஒலிக்கும், ஊரைக் காக்க எச்சரித்தும் ஒலிக்கும். நம் பிள்ளைகளின் வலிமை காக்கும் முரசாக ஒலிக்கட்டும். இரவில் திரும்பும் மகளுக்காக விழித்திருக்கும் தாய்மார்களின் நெஞ்சில் அல்லாஹ் அமைதியை இறக்குவானாக. ஒருவருக்கொருவர் தோள் கொடுத்துப் பயிலும் நம் பிள்ளைகளை அவன் காத்தருள்வானாக. ஆமீன்.