ஆள் கணக்கும் வேலைக் கணக்கும்

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அடுத்த மாதம் நம் இரண்டு பிளாக்குகளிலும் வெளிச்சுவரில் உப்பிப்போன பூச்சைக் கொத்தி எடுத்து, புதிதாகப் பூசி, பெயின்ட் அடிக்கும் வேலை தொடங்குகிறது. எவ்வளவு கொத்த வேண்டிவரும் என்று முன்கூட்டித் தெரியாததால், பொருள் நம்முடையது, ஆட்களுக்கு நாள் கூலி என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. வேலை இழுத்தால், இழுக்கும் ஒவ்வொரு நாளும் நாம் மாதாமாதம் கட்டிச் சேர்த்த பணத்திலிருந்துதான் போகும். அதனால்தான் கட்டட வேலையில் உற்பத்தித்திறனை எப்படி அளப்பது, எப்படிக் கூட்டுவது என்று பேசச் சொன்னார்கள். நான் என்ஜினீயர் அல்ல. வங்கியில் கணக்கு எழுதியவன். கணக்கு வழியாகவே பேசுகிறேன்.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் நோட்டில் என்ன எழுதுகிறோம்? 'கொத்தனார் 2, சித்தாள் 3' என்று எழுதுகிறோம். அது செலவுக் கணக்கு. அன்றைக்கு எத்தனை சதுர அடி முடிந்தது என்று யாரும் எழுதுவதில்லை. செலவை மட்டும் எழுதி வரவை எழுதாமல் விட்டால் லாபமா நஷ்டமா என்று எப்படித் தெரியும்?

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஐந்து பேர், எட்டு மணி நேரம். மொத்தம் 40 ஆள்மணி. திங்கட்கிழமை 200 சதுர அடி பூசினார்கள் என்று வையுங்கள். ஆள்மணிக்கு 5 சதுர அடி. செவ்வாய்க்கிழமை அதே ஐந்து பேர் 120 சதுர அடிதான் பூசினார்கள். ஆள்மணிக்கு 3. பார்த்தவுடன், 'இன்றைக்கு ஏமாற்றிவிட்டார்கள்' என்று நமக்குத் தோன்றும். ஆனால் அன்று தண்ணீர் லாரி மூன்று மணி நேரம் தாமதம். ஐந்து பேருக்கு 15 ஆள்மணி சும்மா போய்விட்டது. வேலை நடந்தது 25 ஆள்மணிதான். 120ஐ 25ஆல் வகுத்தால் 4.8. ஆட்களின் கை வேகம் கிட்டத்தட்ட திங்கட்கிழமை இருந்தது போலவேதான் இருந்திருக்கிறது. குறை தண்ணீர் ஏற்பாட்டில்.

பி.காம். படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: அடக்கவிலைக் கணக்கில் சும்மா இருந்த நேரத்தைத் தனியாகக் காட்டி, காரணத்தையும் எழுத வேண்டும். கட்டட வேலைக்கும் அதே விதிதான்.

நூறு வருடத்துக்கு முன்பே இதைச் செய்து காட்டியவர் அமெரிக்காவின் ஃபிராங்க் கில்பிரெத். அவரே கொத்தனார் வேலையில் தொடங்கியவர். ஒரு செங்கல்லை வைக்கக் கொத்தனார் 18 அசைவுகள் செய்வதைக் கவனித்து, அதை 5 ஆகக் குறைத்தார். கல்லும் கலவையும் இடுப்பு உயரத்தில் இருக்கும்படி சாரத்தை அமைத்தார். நல்ல பக்கம் பார்த்துக் கல்லை அடுக்கித் தர உதவியாளரை வைத்தார். மணிக்கு 120 கல் என்பது 350 ஆனது என்று 1911இல் வெளிவந்த டெய்லரின் நூல் சொல்கிறது. வீணாகப் போன குனிதலையும் தேடுதலையும் நிறுத்தியதில் கிடைத்த பலன் அது.

நம் மாநிலத்தில் பெரும்பாக்கத்தைப் பாருங்கள். 1,152 வீடுகளுக்கு 2021 ஜனவரி 1இல் அடிக்கல் நாட்டினார்கள். 2022 மே 26இல் திறந்தார்கள். சுவர், தளம் எல்லாவற்றையும் கான்கிரீட் துண்டுகளாக முன்கூட்டியே வார்த்து, கொண்டுவந்து பொருத்தினார்கள். பழுது வேலைக்கு நாம் அப்படிச் செய்ய முடியாது. ஆனால் வேண்டியதை எல்லாம் முதலிலேயே தயார் செய்துவிட்டு ஆளைக் கூப்பிடலாமே.

நம் தருமபுரி மாவட்டத்தில் கைதேர்ந்த கொத்தனார்கள் பலர் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இங்கே கிடைப்பவரின் நேரத்தை நாம் வீணாக்கினால் அடுத்த வாரம் அவர் பஸ் ஏறிவிடுவார்.

ஆகவே என் யோசனைகள்:

ஒன்று, தினம் ஒரு தாள். அதில் நான்கே கட்டம்: ஆள்மணி, முடிந்த சதுர அடி, காத்திருந்த மணி, காரணம். வங்கியில் அன்றைய கணக்கை அன்றே முடிப்பதுபோல மாலையிலேயே எழுதி, மேஸ்திரியும் கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டு, அளக்கும் முறையை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். ஜன்னல், கதவுத் திறப்புகளை எப்படிக் கழிப்பது என்பதற்கு ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. அதையே வைத்துக்கொண்டால் பிறகு சண்டை வராது.

மூன்று, முதல் நாள் மாலையே மறுநாளுக்கான மணல், சிமென்ட், தண்ணீர் இருக்கிறதா என்று செயற்குழுவில் ஒருவர் பார்க்க வேண்டும். காலையில் மேற்குச் சுவர், மதியத்துக்கு மேல் கிழக்குச் சுவர் என்று வைத்துக்கொண்டால் ஆட்களுக்கும் நிழல், பூச்சும் வெயிலில் சட்டென்று காயாது.

நான்கு, இது நமக்கு. சாரம் கட்டும் இடத்தில் காரை நிறுத்தாதீர்கள். பால்கனியைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகாதீர்கள். நிறத்தை இந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். வேலை பாதியில் நிற்கும்போது ஆளுக்கு ஒரு நிறம் சொன்னால், அந்தக் காத்திருப்புக்கும் நாமே கூலி கொடுக்கிறோம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சதுர அடியை மட்டும் பார்த்து விரட்டினால் வேலை கெடும். பூசிய சுவருக்கு ஏழு நாளாவது தண்ணீர் விட வேண்டும். விடாமல் வெடித்தால் அதே சுவருக்கு இரண்டு முறை செலவு. அதனால் திரும்பச் செய்த வேலையைத் தாளில் முடிந்த வேலையாக எழுதக் கூடாது. அதேபோல, இந்தத் தாளைக் காட்டி யாருடைய கூலியையும் பிடிக்கவும் கூடாது. பிடித்தால் மறுநாளிலிருந்து உண்மைக் கணக்கு வராது. சனிக்கிழமை சம்பளம் சனிக்கிழமையே போய்ச்சேர வேண்டும்.

தாளை நோட்டீஸ் போர்டில் தினமும் ஒட்டுவோம். எந்தக் காரணத்துக்காக எத்தனை மணி போனது என்று எல்லோரும் பார்க்கட்டும். முதல் வாரம் முடிந்ததும் அந்தப் பட்டியலில் பெரியதாக இருக்கும் காரணத்தை முதலில் சரிசெய்வோம்.