ஊசலை யார் தொடுவது?

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இயற்பியல் ஆய்வகத்தில் சாதியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் ஒரு நண்பர் சிரித்தார். "ஊசல் என்ன சாதி பார்த்தா ஆடுது?" என்றார். ஊசல் பார்ப்பதில்லைதான். ஆனால் அதை யார் தொடுவது, யார் பக்கத்தில் நின்று குறிப்பெடுப்பது, யாருக்கு எத்தனை மதிப்பெண் என்பதை மனிதர்கள்தானே முடிவு செய்கிறோம்?

நான் பி.எஸ்சி. சேர்ந்தபோது மூன்று பேருக்கு ஒரு கருவி. நான் படித்த அரசுப் பள்ளியில் பொதுத்தேர்வு நெருங்கும்போதுதான் ஆய்வகக் கதவைத் திறப்பார்கள். உடனிருந்த இருவரும் நகரத்துத் தனியார் பள்ளியிலிருந்து வந்தவர்கள், வெர்னியர் அளவு பார்க்கப் பழகியவர்கள். "நீ ரீடிங் எழுது, நாங்க பாத்துச் சொல்றோம்" என்றார்கள். செமஸ்டர் முழுக்க எழுதினேன். என் ரெக்கார்டு நோட்டு அழகாக இருந்தது. தேர்வு நாளில் சீட்டு எடுத்தால் ஸ்பெக்ட்ரோமீட்டர். முப்பட்டகத் தளத்தை எப்படிச் சமன் செய்வது என்று தெரியாமல் தனியாக நின்றேன்.

அவர்கள் என் சாதியைக் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. யார் கைக்குக் கருவி முதலில் போய்ச் சேரும் என்பதைச் சாதியும் காசும் பள்ளிக்கூடத்திலேயே முடிவு செய்துவிட்டன. கல்லூரி அதை அப்படியே வாங்கி, "குழுவாகச் செய்யுங்கள்" என்று ஒரு பெயர் வைத்தது.

அதன் பிறகு எனக்குக் கருவியைத் தொடக் கற்றுக்கொடுத்தவர் பேராசிரியர் அல்ல, ஆய்வக அட்டெண்டர். மதிய உணவு நேரத்தில் ஒவ்வொரு திருகாகத் திருப்பிக் காட்டினார். அந்த ஆய்வகத்தில் எந்தக் கருவிக்கு என்ன கோளாறு என்று முழுதாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ரெக்கார்டில் கையெழுத்துப் போடும் இடம் மட்டும் அவருக்கு இல்லை.

இனி மதிப்பெண்ணுக்கு வருவோம். பல்கலைக்கழகத் தேர்வுகளில் எழுத்துத் தாளைப் பெரும்பாலும் டம்மி எண் போட்டுத் திருத்துகிறார்கள். செய்முறைத் தேர்வில் முகம் தெரியும், பெயர் தெரியும், பேச்சு தெரியும். வைவாவில் ஒளிவிலகல் எண்ணுக்கு முன்னால் "எந்த ஊருப்பா? அப்பா என்ன பண்றார்?" என்ற கேள்வி வரும். பிளஸ் டூ இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. முகம் பார்த்துப் போடக்கூடியது முப்பது. மருத்துவப் படிப்பிலும் இதே கதைதான். தில்லி எய்ம்ஸில் நிலவிய பாகுபாட்டை ஆராய்ந்த தோரட் குழு, செய்முறையிலும் வாய்மொழித் தேர்விலும் தங்களுக்கு நியாயம் கிடைப்பதில்லை என்று பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் சொன்னதை 2007இல் பதிவு செய்தது.

அடுத்தவர்களைச் சொல்லிவிட்டு நான் தப்பிக்கக் கூடாது. இப்போது ஆய்வு மாணவனாக இளநிலை வகுப்பின் செய்முறையை நானே மேற்பார்க்கிறேன். கூட்டு ஊசல் சோதனை. நம் பகுதியில் புவியீர்ப்பு முடுக்கம் சுமார் 9.78 வர வேண்டும். ஒரு மாணவி 9.2 என்று எழுதியிருந்தார். அடுத்து அதே மேசையில் செய்த குழு 9.79. அவர்களுக்குப் பத்துக்கு ஒன்பது போட்டேன், அந்தப் பெண்ணுக்கு ஐந்து. அவர் தயங்கித் தயங்கிப் பேசியதும் என் பேனாவைத் தொட்டிருக்கும், மறுக்க மாட்டேன்.

மாலையில் அட்டெண்டர் சொன்னார்: "சார், அந்த மேசை ஸ்டாப் கிளாக் நிமிஷத்துக்கு ரெண்டு செகண்டு முந்தி ஓடும்." கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கடிகாரத்தில் நேர்மையாக அளந்தால் 9.2தான் வரும். 9.79 வந்தவர்கள் புத்தகத்தைப் பார்த்து ரீடிங்கை 'சமைத்திருக்கிறார்கள்'. உண்மையை எழுதியவருக்கு ஐந்து, பொய்க்கு ஒன்பது. போட்டவன் நான்.

ஆகவே சில கோரிக்கைகளை முன்வைக்கிறேன். குழுவில் கருவியைக் கையாள்வதும் குறிப்பெடுப்பதும் வாராவாரம் கைமாற வேண்டும். விடை புத்தகத்தோடு ஒத்துப்போவதற்கு அல்ல, அளந்த முறைக்கும் பிழையை ஆராய்ந்ததற்கும் மதிப்பெண் வேண்டும். எதற்கு எத்தனை என்ற பிரிப்பை மாணவருக்குக் காட்ட வேண்டும். வைவா கேள்விகள் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும், ஊரும் அப்பாவின் தொழிலும் அதில் வரக்கூடாது. பள்ளியில் கருவியைத் தொடாதவர்களுக்காக ஆய்வகம் மாலையிலும் திறந்திருக்க வேண்டும். கற்றுக்கொடுக்கும் அட்டெண்டருக்கு அதற்கான ஊதியமும் பெயரும் வேண்டும். இதில் பாதிக்கு அரசாணைகூடத் தேவையில்லை, துறைக் கூட்டம் போதும்.

அந்த மாணவியின் மதிப்பெண்ணைத் திருத்தினேன், அவரிடம் காரணத்தையும் சொன்னேன். "நான்தான் தப்பா எண்ணிட்டேன்னு நெனச்சேன் சார்" என்றார். அந்தக் கடிகாரம் எத்தனை ஆண்டுகளாக முந்தி ஓடுகிறது, அதற்கு முன் எத்தனை பேர் அப்படி நினைத்துக்கொண்டு போனார்கள் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

நாளை உங்கள் ஆய்வகத்துக்குப் போனதும் முதலில் கடிகாரத்தைச் சரிபாருங்கள். பிறகு உங்கள் குழுவில் யார் எழுதிக்கொண்டே இருக்கிறார் என்று பாருங்கள். அவர் கையில் கருவியைக் கொடுங்கள்.